பாப்பாக்காவின் சொந்த வசனம்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பாப்பாக்கா பிழைத்தது தன் வாயால் அல்ல, ஊரார் பிள்ளைகளின் வாயால். திரையில் குழந்தை அழுதால் அது அவள் அழுகை. கைக்குழந்தை 'ங்கா' என்றால் அது அவள் 'ங்கா'. பொம்மைப் படத்து முயல், பல் விழுந்த பையன், காய்ச்சலில் முனகும் சிறுமி எல்லாம் அவள்தான். வயது முப்பத்தாறு. காதோரம் நரை எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசல் காவலாளியிலிருந்து முதலாளி வரைக்கும் அவளுக்குப் பாப்பாக்கா என்றே பேர். நிஜப் பேரைச் சொல்லி யாராவது தேடி வந்தால், அப்படி ஒருத்தர் இங்கே இல்லையே என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தொண்டையை இறுக்கிக் கீச்சென்று பேசினால் குழந்தைக் குரல் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அப்படி வருவது கொசுவின் குரல். பிள்ளைக் குரல் வேறு. சிரிக்கிற மாதிரி கன்னத்தை மேலே தூக்கி, மோவாயைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, மூச்சைப் பாதி வரியிலேயே செலவழித்துவிட வேண்டும். ஒரு வரி முழுக்கப் பேசப் பிள்ளைகளுக்கு மூச்சு ஏது? நடுவில் ஒரு தடவை வாங்கிக்கொண்டுதான் பேசும். அந்த நடு மூச்சுக்குப் பாப்பாக்காவை விட்டால் ஆளில்லை. பேசும்போது கால் விரல் நுனியில் நிற்பாள். ஏன் என்று கேட்டால், பிள்ளைகள் எப்போதும் எதையாவது எட்டிப் பார்த்துக்கொண்டேதானே பேசுகிறார்கள் என்பாள்.

அவள் புருஷன் தையற்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. நாலு பள்ளிக்கூடத்துக்கு யூனிபார்ம் அவரிடம்தான். கல்யாணத் துணி, விருந்துத் துணி எதுவும் தொட மாட்டார். பெரியவர்களுக்குத் தைத்தால் குறை சொல்வார்கள், பிள்ளைகளுக்குத் தைத்தால் வளர்ந்துவிடுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம் என்பார். வளர்கிற பிள்ளைக்கு என்று ஸ்கர்ட்டின் அடியில் நாலு விரல் அகலத்துக்குத் துணியை உள்ளே மடித்துத் தைப்பது அவர் வழக்கம். வருஷ நடுவில் பிள்ளை வளர்ந்தால் அதைப் பிரித்து இறக்கிவிடலாம், புதுசு தைக்க வேண்டாம். இதனாலேயே அவரிடம் கூட்டம். பொத்தான் வைக்கவும் காஜா எடுக்கவும் கீழ்வீட்டு அம்மா ஒருத்தி வருவாள். காஜாக்கா என்று கூப்பிடுவார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு ஊசியும் வாயுமாக நாள் பூராவும் உட்கார்ந்திருப்பாள். ஊசி ஓய்ந்தாலும் வாய் ஓயாது.

இவர்களுக்கு ஒரே பெண். மூன்றாம் வகுப்பு. வகுப்பிலேயே உயரம் குறைந்தவள். வீட்டில் அவள் பேர் பொடிசு. பிறந்தபோது தலையணை உறைக்குள் அடங்கிவிடுவாள் போல இருந்ததால் அப்பா வைத்த பேர் அது.

அந்த விளம்பரம் வந்த அன்றைக்கு அடைமழை. ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கூரைக் கிடங்கு. மழை பெய்தால் அந்தத் தகரம் போடும் சத்தம் எத்தனை கதவு சாத்தினாலும் மைக்கில் விழும். அதனால் மழை நாளில் எல்லோரும் தேநீரைக் குடித்துக்கொண்டு வானத்தைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்கும் அப்படித்தான். வசனம் எழுதுகிறவர் எங்கேயோ தண்ணீரில் வண்டி நின்றுபோய் மாட்டிக்கொண்டார். விளம்பரக் கம்பெனிக்காரர் மட்டும் சட்டை கசங்காமல் வந்து சேர்ந்திருந்தார். சாயங்காலத்துக்குள் முடித்து அனுப்பியாக வேண்டும் என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார்.

முப்பது வினாடிப் படம். பாலில் கலக்கிக் குடிக்கிற சத்துப் பொடி. வேறு மொழியில் எடுத்து, இங்கே குரல் மாற்றுகிறார்கள். நெட்டையாக ஒரு சிறுமி பள்ளிக்கூட வராந்தாவில் ஓடி வந்து, ஒரு குதி குதித்துத் தொங்குகிற மணியை அடிக்கிறாள். பத்தே வாரத்தில் நான் வளர்ந்துவிட்டேன் என்கிறாள். பிறகு பக்கத்தில் நிற்கிற குள்ளமான சிறுமியைத் திரும்பிப் பார்த்து ஒரு வரி சொல்லிச் சிரிக்கிறாள். அந்த ஒரு வரிதான் மக்கர் செய்தது. எழுதி வந்திருந்தது 'இதைக் குடி, நீ வளர்ந்துடுவே' என்று. திரையில் அந்தச் சிறுமிக்கு ஆரம்பத்திலேயே இரண்டு தடவை உதடு ஒட்டுகிறது. இந்த வரியிலோ உதடு ஒட்டுகிற எழுத்தே இல்லை. ஏழு தடவை பேசிப் பார்த்தார்கள். வாய் ஒரு பக்கம், வார்த்தை ஒரு பக்கம்.

மழை கொஞ்சம் ஓய்ந்த நேரம் பார்த்துப் பாப்பாக்கா மறுபடி கண்ணாடி அறைக்குள் போனாள். திரையில் அந்தச் சிறுமி திரும்பினாள். உதடு இரண்டு தடவை ஒட்டியது. யாரும் எழுதிக் கொடுக்காத ஒரு வரி அவள் வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது.

"நீ மட்டும் ஏன் குட்டை?"

அச்சடித்த மாதிரி பொருந்தியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டு இன்ஜினியர் கைதட்டினார். கம்பெனிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். அங்கேயிருந்தே போன் போட்டு, அனுமதி வாங்கி, வசனம் எழுதுகிறவர் இனிமேல் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிச் சிரித்தார். போகும்போது பொடி டப்பா இரண்டைப் பாப்பாக்கா கையில் கொடுத்தார்.

பதினான்கு வருஷம் அடுத்தவர் எழுதியதையே பேசிப் பேசி வந்தவளுக்கு, தன் வாயில் பிறந்த ஒரு வரி உலகத்துக்குப் போகிறது என்றால் சும்மாவா? நனைந்த செருப்போடு படியேறும்போதே புருஷனிடம் சொல்ல ஆரம்பித்தாள். காஜாக்காவிடம் சொன்னாள். மகளிடம் நடித்தே காட்டினாள். பொடிசு விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்று பேரும் அந்த டப்பாவைப் பிரித்துக் கலக்கிக் குடித்தார்கள். நன்றாகத்தான் இருந்தது.

விளம்பரம் வந்தது என்றால் சாதாரணமாகவா வந்தது? பொம்மைப் படத்துக்கு நடுவே அரை மணிக்கு நாலு தடவை. தெருவில் பந்து விளையாடுகிற பிள்ளைகள் அதைச் சொன்னார்கள். பேருந்தில் ஒரு வாண்டு தன் தம்பியிடம் அதே ராகத்தில் சொல்லி அடி வாங்கியது. பாப்பாக்காவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. தன் குரலைத் தெருவில் கேட்பது அவளுக்குப் புதுசு இல்லை, தன் வார்த்தையைக் கேட்பதுதான் புதுசு.

வீட்டிலும் நல்ல சகுனமாகவே தெரிந்தது. பொடிசு காலையில் ஒன்று, பள்ளி விட்டு வந்ததும் ஒன்று, படுக்கும் முன் ஒன்று என்று மூன்று டம்ளர் குடித்தாள். இரண்டு டப்பா தீர்ந்து, கடையில் மூன்றாவதும் நாலாவதும் வாங்கினார்கள். தட்டில் சோறு மீந்தது. பால் குடித்த வயிறுதானே என்று விட்டுவிட்டார்கள். ஐந்தாறு வாரம் போயிருக்கும். ஒருநாள் காலையில் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போன மகளைத் தையற்காரர் நிமிர்ந்து பார்த்தார். முழங்காலுக்குக் கீழே இருந்த ஸ்கர்ட் முழங்காலுக்கு ஏறியிருந்தது.

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். தையற்காரர் பிள்ளையை டேப் வைத்து அளக்க யாருக்கு நேரம்? கண் அளவே போதும் என்று அவருக்கு நினைப்பு. ஊர்ப் பிள்ளைகளின் உயரத்தை ஸ்கர்ட்டை வைத்தே சொல்லிப் பழகிய கண் அது. மடிப்பைப் பிரித்து இறக்கிவிடட்டுமா என்று மகளைக் கேட்டார். வேண்டாம்பா, இப்படியே இருக்கட்டும் என்று அவள் ஓடிவிட்டாள். அவர் சந்தோஷத்தில் மெஷினைக்கூட நிறுத்தாமல் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். நீ சொன்னது சும்மா இல்லை, பிள்ளை நிஜமாகவே வளர்கிறாள் என்றார். பாப்பாக்காவும் வந்து பார்த்தாள். உலகத்துக்கே பொய் சொல்கிறோமோ என்று எப்போதாவது ஒரு மூலையில் அரித்துக்கொண்டிருந்தது அன்றோடு போயிற்று. அளவெடுக்க வந்த தாய்மாரிடம் தானே போய்ச் சொன்னாள். அவளை நம்பி அந்தத் தெருவில் ஐந்து வீட்டில் டப்பா வாங்கினார்கள்.

பதினோராவது வாரம், காலை வரிசையில் நிற்கும்போது பொடிசு மயங்கி விழுந்தாள்.

போன் வந்ததும் இரண்டு பேரும் போட்டது போட்டபடி ஓடினார்கள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் பெஞ்சில் படுக்க வைத்திருந்தார்கள். மழைத் தண்ணீர் தேங்கிய மைதானத்தில் விழுந்ததால் உடம்பெல்லாம் சேறு. டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்தார். வீட்டில் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். பாப்பாக்கா பெருமையோடு பொடியைச் சொன்னாள். சோறு, முட்டை, காய் என்ன சாப்பிடுகிறாள் என்று அவர் மறுபடி கேட்டபோது அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். கூட வந்த டீச்சர்தான் சொன்னாள். மதியச் சாப்பாட்டு டப்பாவை ஒரு மாதமாகப் பக்கத்துப் பெஞ்சு நெட்டைப் பெண்ணுக்குக் கொடுத்துவிடுகிறாளாம். கேட்டால், சோறு தின்றால் வயிற்றில் பாலுக்கு இடம் இருக்காது என்றாளாம். பயப்பட இப்போதைக்கு ஒன்றும் இல்லை, இப்படியே விட்டால் பயப்பட வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து மகளைத் துடைத்துப் படுக்க வைத்தார்கள். சேறான ஸ்கர்ட்டைக் காஜாக்கா வாங்கிக்கொண்டு போய்க் குழாயடியில் அலசினாள். கொஞ்ச நேரத்தில் அதை ஈரத்தோடு கையில் பிடித்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். அவள் வாய் மூடியிருந்தது. அதுவே பாதி சேதி.

"தம்பி, இது உங்க மெஷின் தையல் இல்லையே" என்றாள். "கைத்தையல். கோணல் மாணலா இருக்கு பாருங்க. ஒண்ணுக்கு மேல ஒண்ணா ஏழு தடவை பிரிச்சுப் பிரிச்சு மடிச்சிருக்கு. என் ஊசி அடிக்கடி காணாமப் போகுதே, யாருடா எடுக்கறாங்கன்னு பார்த்தேன்."

தையற்காரர் துணியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அரை விரல் கூடுதலாக உள்ளே மடித்து, எட்டு வயசுக் கையால் தைத்து, அடுத்த வாரம் அதைப் பிரித்து இன்னும் கொஞ்சம் மடித்து, இப்படியே ஏழு வரிசை ஊசித் துளைகள். அவர் டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். படுத்திருந்த மகளைத் தலையிலிருந்து குதிகால் வரை அளந்தார். பள்ளி திறந்தபோது எடுத்த அளவு நோட்டில் இருந்தது. ஒரு நூல்கூடக் கூடவில்லை. திரும்பி வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தவர், நாலு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் அளந்தேன், என் பிள்ளையை அளக்கவில்லையே என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாப்பாக்கா மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். திட்டுவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. எதற்காக இப்படிச் செய்தாய் என்று மட்டும் கேட்டாள்.

பொடிசு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "டிவில பேசறது எங்கம்மான்னு கிளாஸ்ல சொன்னேன். முதல்ல யாரும் நம்பல. அப்புறம் நம்பினாங்க. நம்பினதும் எல்லாரும் என்னைப் பார்த்து அதையே சொன்னாங்க. நீ மட்டும் ஏன் குட்டைன்னு. உங்கம்மாவே உன்னைச் சொல்றாங்கன்னு சிரிச்சாங்க."

"அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல கண்ணு?"

"நீதான் பத்து வாரம்னு சொன்னியே. நான் குடிச்சா வளர்ந்துடுவேன், அப்ப சரியாயிடும்னு இருந்தேன். வளரவே இல்ல. உங்கம்மா பொய் சொல்றாங்கன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம்தான் தைச்சேன்."

பிள்ளை உயரமாகத் தெரிய ஆசைப்பட்டு ஊசி எடுக்கவில்லை. அம்மா சொன்ன சொல் பொய்யாகிவிடக் கூடாது என்று எடுத்திருக்கிறாள். மகளின் கையைப் பிடித்துப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளிகள்.

அன்றைக்கு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அது வேலை, யாரோ எழுதித் தருவார்கள், நான் படிப்பேன், பத்து வாரம் என்பது அம்மா சொன்னதில்லை, குரல் மட்டும்தான் அம்மாவுடையது என்றாள். குட்டை என்கிற வரியையாவது யாரோ எழுதினார்கள் என்று தள்ளிவிட்டிருக்கலாம். ஆனால் அது தன்னுடையது என்று தானே நடித்துக் காட்டியிருக்கிறாளே. அதையும் ஒப்புக்கொண்டாள். பொடிசு கேட்டுக்கொண்டே இருந்தாள். பாப்பாக்கா சோற்றைப் பிசைந்து ஒரு வாய் எடுத்து, சாப்பிடு கண்ணு, சாப்பிட்டால் தெம்பு வரும் என்று நீட்டினாள்.

"இதுவும் வேலையாம்மா?" என்றாள் பொடிசு.

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள். அதுதான் பாப்பாக்காவால் தாங்க முடியவில்லை.

அடுத்த நாலு நாள் பிள்ளை அப்பா ஊட்டினால் நாலு வாய் வாங்கினாள். ஆனால் அம்மா சொல்வதை மட்டும் அப்பாவிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டாள். மழை விட்டுவிட்டது என்று இவள் சொன்னால், எழுந்து போய் ஜன்னலில் கை நீட்டிப் பார்த்தாள். வெந்நீர் சூடாக இருக்கிறது என்றால் விரலை விட்டுப் பார்த்தாள். பாப்பாக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கஞ்சி இல்லாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம், பெற்ற பிள்ளைக்குத் தன் சொல்லில் நம்பிக்கை போய்விட்டால் அப்புறம் எதை வைத்து வளர்ப்பது என்று புருஷனிடம் சொல்லி அழுதாள். அவர் தேற்றிப் பார்த்தார். நாள் ஆக ஆகச் சரியாகிவிடும் என்றார். சொன்ன அவருக்கே அதில் அவ்வளவு நிச்சயம் இல்லை.

ஐந்தாம் நாள் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டாவது விளம்பரம் தயார், அதே குரல்தான் வேண்டும் என்று பிடிவாதம். தையற்காரர் துணி கொடுக்கப் பள்ளிக்கூடங்களுக்குப் போயிருந்தார். காஜாக்காவுக்குப் பல்வலி. வேறு வழியில்லாமல் பாப்பாக்கா மகளையும் கூட்டிக்கொண்டு போனாள்.

பொடிசு இன்ஜினியர் பக்கத்தில் ஒரு சுழல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். திரையில் அதே நெட்டைச் சிறுமி வந்தாள். வாயைத் திறந்தால் புரியாத பாஷை. வேறு குரல். பொடிசு வாயைப் பிளந்து பார்த்தாள். இன்ஜினியர் வயசான மனுஷன், பிள்ளைகளோடு பேசத் தெரிந்தவர். இதுதான் அந்தப் பெண்ணோட சொந்தக் குரல், இதை இப்படித் திருகினால் ஊமையாகிவிடுவாள், பிறகு உங்கம்மா பேசுவாள் என்று குமிழைத் திருகிக் காட்டினார். அவள் கையிலேயே குமிழைக் கொடுத்தார். பொடிசு அந்தச் சிறுமியை நாலு தடவை ஊமையாக்கினாள், நாலு தடவை பேசவைத்தாள்.

பாப்பாக்கா கண்ணாடி அறைக்குள் தாளைப் பார்த்தாள். இந்தத் தடவை சிறுமி கடையில் நின்று தன் அம்மாவைப் பார்த்துக் கேட்கிறாள்: 'இதை வாங்கித் தராத அம்மா நல்ல அம்மாவா?'

நிமிர்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகளின் தலை, மேசைக்கு மேலே கண் வரைக்கும் மட்டும் தெரிந்தது. பாப்பாக்கா கன்னத்தைத் தூக்கினாள், மோவாயை இழுத்தாள், நுனிக்காலில் நின்றாள். திரையில் சிறுமியின் வாய் திறந்தது, மூடியது. இவள் வாயிலிருந்து காற்றுகூட வரவில்லை. இன்னொரு தடவை ஓட்டினார்கள். அப்போதும் வரவில்லை. காதிலிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

தொண்டை சரியில்லையா, வெந்நீர் சொல்லட்டுமா என்று கம்பெனிக்காரர் பதறினார்.

"தொண்டை நல்லாத்தான் இருக்கு சார்" என்றாள். "இதை நான் பேசலை. போன தடவை குட்டைன்னு ஒரு வரி போட்டேனே, அதையும் எடுத்துடுங்க. வேற வரி நானே பேசித் தரேன், சும்மாவே பேசித் தரேன்."

"என்னம்மா நீங்க? ஊரே அந்த வரியைத்தான் சொல்லிட்டுத் திரியுது."

"ஆமா சார். எம்பொண்ணுகிட்டயும் சொல்லுது."

அவர் கெட்டவர் இல்லை. சுழல் நாற்காலியில் இருந்த பொடிசைத் திரும்பிப் பார்த்தார், சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். நாம் என்ன விஷமா விற்கிறோம், என் பையனும் இதைத்தான் குடிக்கிறான் என்றார். குடிக்கட்டும் சார், ஆனால் பிள்ளைகளைப் பிள்ளைகள் வாயாலேயே திட்டி விற்க வேண்டாம் என்றாள் அவள். அந்த வரியை எடுப்பது என் கையில் இல்லை என்று அவர் சொன்னது உண்மைதான். இவள் பேசாவிட்டால் இன்னொருத்தி பேசுவாள் என்று இன்ஜினியர் வாசல்வரை வந்து மெதுவாகச் சொன்னதும் உண்மைதான். இனி அந்தக் கம்பெனி வேலை வராது, அவர்கள் கைகாட்டுகிற நாலு இடத்திலும் வராது. அதெல்லாம் தெரிந்தேதான் பாப்பாக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தூறலில் இறங்கினாள்.

பேருந்தில் பொடிசு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பாதி தூரம் போனதும் திரும்பினாள்.

"அங்க எப்படிப் பேசறதுன்னு கிளாஸ்ல வந்து சொல்றியாம்மா? நான் சொன்னா நம்ப மாட்டாங்க. அந்த வரி நீயா நினைச்சுச் சொன்னதுன்னும் சொல்லணும்."

மைக் முன்னால் பாப்பாக்கா புலி மாதிரி. நேரில் நாலு பேர் கூடினால் ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும் ஆள். ஆயிரம் வீட்டுக்குள் புகுந்து பேசியவள், முப்பத்தைந்து பிள்ளைகள் முகத்தைப் பார்த்து, அதைச் சொன்ன வாய் இதுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வருகிறேன் என்றாள்.

மறுநாள் மதிய மணிக்கு முன்னால் பத்து நிமிஷம் தருவதாக டீச்சர் சொன்னாள். நனைந்த குடைகள் வாசலில் வரிசையாக விரிந்து கிடந்தன. வகுப்பில் ஈரச் சாக்ஸ் வாடை. பாப்பாக்கா மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல், தெரிந்த வேலையை முதலில் செய்தாள். கன்னத்தைத் தூக்கி, நுனிக்காலில் நின்று, "பத்தே வாரம்! நான் வளர்ந்துட்டேன்" என்றாள்.

பிள்ளைகள் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கத்தினார்கள். முயல் பேசச் சொன்னார்கள், பேசினாள். கைக்குழந்தை அழுகை கேட்டார்கள், அழுதாள். பக்கத்து வகுப்பு டீச்சர் யார் பிள்ளை என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பின் பெஞ்சில் ஒரு பையன் பெஞ்சுக்கு அடியில் டேப் ரிக்கார்டர் ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று குனிந்தே பார்த்தான். சிரிப்பு கொஞ்சம் அடங்கியதும் பாப்பாக்கா காலைத் தரையில் ஊன்றினாள். சொந்தக் குரலில் பேசினாள். அந்தக் குரல் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது.

"எனக்கு முப்பத்தாறு வயசு. வளர்ற வயசெல்லாம் முடிஞ்சுபோச்சு. பத்து வாரம்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுத்தாங்க, நான் படிச்சேன். அது நிஜமான்னு நான் யாரையும் கேக்கல. கேட்டிருக்கணும். குட்டைன்னு ஒரு வரி வருதே, அதை யாரும் எழுதிக் கொடுக்கல. நானா சொன்னது. யாரையும் நினைச்சுச் சொல்லல, ஆனா சொன்னது தப்பு. உங்கள்ல யாரை யார் அப்படிச் சொல்லியிருந்தாலும் அந்தத் தப்பு என்கிட்டேர்ந்துதான் வந்துச்சு."

பிள்ளைகள் அவளையே பார்த்தார்கள். பெரியவர்கள் தப்பு என்று சொல்லி அவர்கள் அதிகம் கேட்டதில்லை. ஜன்னலோரத்தில் இருந்த நெட்டைப் பெண், மதிய டப்பாவை வாங்கிச் சாப்பிட்டவள், எழுந்து நின்றாள். நான் அதைக் குடித்ததே இல்லை, எங்கள் வீட்டில் எல்லோருமே இப்படித்தான் என்றாள். சொல்லிவிட்டு ஏனோ வெட்கப்பட்டு உட்கார்ந்துகொண்டாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பு.

அப்போதுதான் பின் பெஞ்சுப் பையன் கையைத் தூக்கினான். இரண்டாவது வரிசையில் இருந்த பொடிசைக் காட்டினான்.

"அப்போ இவ வளருவாளா, மாட்டாளா?"

வகுப்பே திரும்பி அவளைப் பார்த்தது. பொடிசு யாரையும் பார்க்கவில்லை. அம்மாவை மட்டும் பார்த்தாள். வளருவாள் என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. மூச்சை நடுவில் ஒரு தடவை வாங்கிக்கொண்டு, எந்தக் குரலில் சொன்னாலும் முப்பத்தைந்து பிள்ளைகளும் நம்பியிருப்பார்கள். பாப்பாக்காவின் நாக்கு நுனி வரைக்கும் அது வந்தது.

"தெரியாதுப்பா" என்றாள். "வளரலாம். இப்படியே இருக்கலாம். எனக்குத் தெரியல."

பையனுக்குத் திருப்தி இல்லை. அம்மாவுக்கே தெரியாதா என்று முணுமுணுத்தான்.

பொடிசு எழுந்து அவன் பக்கம் திரும்பினாள்.

"தெரியாதுன்னு சொல்றாங்கல்ல? எங்கம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பாப்பாக்காவுக்குக் கண் நிறைந்து வழிந்தது. டீச்சர் பார்க்கிறாளே, பிள்ளைகள் பார்க்கிறார்களே என்றெல்லாம் அவள் துடைத்துக்கொள்ளவில்லை. மணி அடித்தது. பிள்ளைகள் கையலம்ப ஓடினார்கள். பொடிசு டப்பாவைத் திறந்து, இன்றைக்கு என்ன என்று கேட்டாள். உருளைக்கிழங்கும் முட்டையும் என்று பாப்பாக்கா சொன்னாள். பிள்ளை குனிந்துகூடப் பார்க்காமல் கையை விட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.